சாவி சரிதான்

(பொது நூலகம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வயது 74. உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை லேப்டாப்பைப் பற்றியதல்ல. "தம்பி, எனக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிருச்சுன்னு நினைக்கிறேன்" என்றார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் இரவு லேப்டாப்பின் இயங்குதளத்தை அப்கிரேடு செய்திருக்கிறார். எல்லாம் நல்லபடியாக முடிந்து, கணினி புதுத் திரையோடு எழுந்திருக்கிறது. வீட்டு வைஃபை மட்டும் பாஸ்வேர்டு கேட்டது. போட்டார். சக்கரம் சுற்றியது. மறுபடியும் அதே பெட்டி, அதே கேள்வி. பெரிய எழுத்தாக இருக்குமோ, கடைசியில் இருப்பது சுழியமா ஆங்கில ஓ எழுத்தா, நடுவில் புள்ளி உண்டா என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். போட்டுப் பார்த்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எடுத்து வந்திருந்தார். நான் எண்ணிப் பார்த்தேன். 27 வரிகள்.

முதல் வரியே சரி. அவருடைய பாஸ்வேர்டில் ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

அந்தத் தாளை நினைத்துக்கொண்டுதான் இன்று பேச வந்திருக்கிறேன். இயந்திரம் தவறான ஒரு கேள்வியைக் கேட்டு, ஒரு மனிதரைத் தன் புத்தியின்மேலேயே சந்தேகம் கொள்ள வைத்துவிட்டது. இது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. 'உனக்கு ஒண்ணும் தெரியலை' என்று பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்கிறார்கள். பெற்றோரும் அதை நம்பிவிடுகிறார்கள்.

முதலில் அந்தப் பெட்டி ஏன் வருகிறது என்று பார்ப்போம். குறியாக்கம் செய்யப்பட்ட வீட்டு வைஃபையில் உங்கள் பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. லேப்டாப்பிலும் அது இருக்கிறது, ரூட்டரிலும் இருக்கிறது. இரண்டும் தனித்தனியே உட்கார்ந்து கணக்குப் போடுகின்றன. இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 முறையில், பாஸ்வேர்டையும் நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து 4,096 சுற்று அரைத்து, 256 பிட் நீளமுள்ள ஒரு மூலச் சாவியை எடுக்கின்றன. நெட்வொர்க்கின் பெயரும் மாவில் கலந்திருப்பதால், அந்தப் பெயரை மட்டும் மாற்றினாலும் மூலச் சாவி மாறிவிடும்.

அதன் பிறகு இரண்டுக்கும் நடுவே நான்கு கடிதங்கள் போய்வருகின்றன. முதலில் ரூட்டர் அப்போதுதான் உருவாக்கிய ஒரு எண்ணை அனுப்பும். லேப்டாப் தன் பங்குக்கு ஒரு எண்ணை உருவாக்கி, மூலச் சாவி தன்னிடமும் இருக்கிறது என்பதற்கான முத்திரையைப் போட்டுப் பதில் எழுதும். முத்திரை பொருந்தினால் ரூட்டர் மூன்றாம் கடிதத்தை அனுப்பும். லேப்டாப் ஒப்புக்கொண்டு நான்காவதை அனுப்பும். கதவு திறந்துவிடும். இதற்கு ஃபோர்-வே ஹேண்ட்ஷேக் என்று பெயர்.

முத்திரை பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? ரூட்டர் 'பாஸ்வேர்டு தவறு' என்று சொல்லாது. அப்படிச் சொல்லும் கடிதமே இந்த நான்கில் இல்லை. அது இரண்டாம் கடிதத்தைப் பேசாமல் ஒதுக்கிவிட்டு, முதல் கடிதத்தையே திரும்ப அனுப்பிப் பார்த்து, கடைசியில் இணைப்பைத் துண்டித்துவிடும். லேப்டாப்பின் பக்கமிருந்து பார்த்தால் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: மூன்றாம் கடிதம் வரவில்லை.

பாஸ்வேர்டு தவறாக இருந்தாலும் மூன்றாம் கடிதம் வராது. லேப்டாப்பின் வைஃபை சிப்பை இயக்கும் டிரைவர் பழுதாகி, இரண்டாம் கடிதம் ஆன்டெனாவை விட்டே வெளியேறாமல் போனாலும் வராது. ரூட்டர் தடுமாறி நின்றாலும் வராது. லினக்ஸில் இந்த வேலையைப் பார்க்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற மென்பொருளை யோவ்னி மாலினென் என்ற நிரலாளர் எழுதினார். அது தன் பதிவேட்டில் மிக நேர்மையாக ஒரு வரி எழுதுகிறது: ஹேண்ட்ஷேக் தோற்றுவிட்டது, பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் எழுதுகிறது. அந்தச் செய்தி மேலே ஏறித் திரைக்கு வருவதற்குள் 'இருக்கலாம்' உதிர்ந்துபோய், பாஸ்வேர்டைக் கேட்கும் வெற்றுப் பெட்டி மட்டும் மிஞ்சுகிறது. 27 வரிகளுக்குக் காரணம் அந்த ஒரு சொல் உதிர்ந்ததுதான்.

அதனால் அப்கிரேடுக்குப் பிறகு வைஃபை பாஸ்வேர்டு கேட்டால், ஒருமுறை நிதானமாகப் போடுங்கள். போடும்போது கண் படத்தை அழுத்தி எழுத்துகளைக் கண்ணால் பாருங்கள். அப்கிரேடில் விசைப்பலகை அமைப்பு மாறியிருக்கக்கூடும். தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இது அதிகம் நேரும். புள்ளிகளுக்குப் பின்னால் என்ன எழுத்து விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்துச் சரியாகப் போட்டும் மறுபடி கேட்டால், இன்னொரு தடவை போடாதீர்கள். அதன் பிறகு கேட்கவேண்டிய கேள்வி வேறு. எந்தப் படியில் நின்றது?

படிகளை வேகமாகச் சொல்கிறேன். முதலில் லேப்டாப் காற்றில் எந்தெந்த நெட்வொர்க் இருக்கிறது என்று தேடுகிறது. பட்டியலே வரவில்லை என்றால் சிப், டிரைவர், அல்லது வைஃபையை அணைக்கும் பொத்தான். பட்டியல் வந்தால் அடுத்து ரூட்டரிடம் பெயர் கொடுத்துச் சேர்கிறது. அலுவலகம், கல்லூரி என்றால் இந்த இடத்தில் பயனர்பெயரும் சான்றிதழும் சரிபார்க்கப்படும். பிறகு நான்கு கடிதங்கள். கடைசியில் ஐபி முகவரி. கடைசிப் படியில் நின்றால் குறியாக்கத்தின்மேல் குற்றமே இல்லை. சாவி பொருந்திக் கதவும் திறந்துவிட்டது, உள்ளே உட்கார நாற்காலி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எந்தப் படி என்பதைக் கணினியே எழுதி வைத்திருக்கிறது. லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை காட்டும். விண்டோஸில் நெட்ஷ் கட்டளையிடம் வ்லான்ரிப்போர்ட் கேட்டால், கடந்த மூன்று நாட்களின் வைஃபை வரலாற்றை ஒரு பக்கமாக எழுதிக் கொடுக்கும். தலைமையாசிரியரின் லினக்ஸ் லேப்டாப்பில் பார்த்தோம். ரூட்டரைக் கண்டுபிடித்திருக்கிறது, சேர்ந்திருக்கிறது, அதற்குப் பிறகு துண்டிக்கப்பட்டிருக்கிறது. காரண எண் 15. வைஃபை தரநிலையில் 15 என்றால், ஹேண்ட்ஷேக் உரிய நேரத்தில் முடியவில்லை என்று பொருள்.

இனி, பாஸ்வேர்டு சரி என்பதை அவருக்கு எப்படி நிரூபிப்பது? நான் வாயால் சொன்னால் போதாது. இருபத்தேழு தடவை தோற்றவர் அவர். லினக்ஸில் அப்கிரேடு நடந்தாலும், இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பழைய பதிப்பு பெரும்பாலும் அழியாமல் இருக்கும். கணினி எழும்போது வரும் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் போனால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய கெர்னலில் எழுப்பி, அவரையே பாஸ்வேர்டு போடச் சொன்னேன். முதல் வரியில் இருந்ததைப் போட்டார். இணைந்துவிட்டது. அதே மனிதர், அதே விரல்கள், அதே எழுத்துகள். மாறியது கெர்னல் மட்டும். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் முதல் வரிக்கு நேரே ஒரு சரி போட்டார். நாற்பது வருஷம் விடைத்தாளில் போட்டுப் பழகிய சரி.

பழுது எங்கே என்றால், வைஃபை சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேரில். புதிய கெர்னலில் இருந்த டிரைவர் புதிய ஃபர்ம்வேரை எதிர்பார்த்தது, வட்டில் பழையதே கிடந்தது. இரண்டும் அரைகுறையாகப் பேசிக்கொண்டு, கடிதப் போக்குவரத்தின் நடுவில் தடுமாறின. பழைய கெர்னல் கிடைக்காதவர்களுக்கு, புதிய ஃபர்ம்வேரைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும். இந்த இடத்தில் பலர் மனம் சோர்ந்துவிடுவார்கள். கைப்பேசியைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, யூஎஸ்பி டெதரிங் என்பதைத் தட்டிவிடுங்கள். கணினிக்கு அது கம்பிவழி இணைப்பாகவே தெரியும். ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால், அது அந்தச் சமயத்தில் வீட்டு வைஃபையில் இருந்தாலும் பரவாயில்லை, டேட்டா செலவாகாது.

ஃபர்ம்வேர் இப்படிப் பின்தங்குவது அபூர்வமல்ல. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஃபர்ம்வேர் பொதிகள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதிய பிரிவுக்கு மாறின. பதிப்பு 11லிருந்து ஏறி வருபவர்கள் தங்கள் மூலப் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். படிக்காமல் ஏறியவர்களுக்குப் புதிய ஃபர்ம்வேர் வந்து சேராது. வெளியீட்டுக் குறிப்பு என்பது வீடு மாறும்போது பழைய குடித்தனக்காரர் சொல்லிவிட்டுப் போகும் சேதி மாதிரி. மோட்டார் சுவிட்ச் எங்கே, எந்தக் குழாய் ஒழுகும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

இதுவரை சொன்னது பழுது. இன்னொரு வகை உண்டு. அதில் எதுவும் பழுதாகியிருக்காது. ஒரு பக்கம் இனி இந்தப் பூட்டை ஏற்கமாட்டேன் என்று தீர்மானித்திருக்கும்.

வைஃபையின் முதல் பூட்டு டபிள்யூஇபி, 1997இல் வந்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவியோடு சேர்த்துக் கலக்கும் எண் அதில் 24 பிட் மட்டுமே. மொத்தம் 1,67,77,216 எண்கள். பரபரப்பான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் தீர்ந்துபோய், பழைய எண்களே திரும்ப வரும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அதன் அடிப்படையையே உடைத்துக் காட்டினார்கள். பழைய கருவிகளிலேயே ஓடவேண்டும் என்பதற்காக 2003இல் டிகேஐபி என்ற ஒட்டுப்போட்ட பூட்டு வந்தது. 2004இல் ஏஇஎஸ் குறியாக்கத்தோடு டபிள்யூபிஏ2. 2017இல் மேத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர், நான் சொன்ன நான்கு கடிதங்களில் மூன்றாவதைத் திரும்ப அனுப்பியே சாவியை மறுபடி பொருத்தவைக்கலாம் என்று காட்டினார். கிராக் என்று அந்தத் தாக்குதலுக்குப் பெயர். அதற்கு இயங்குதள அப்டேட்தான் மருந்து. 2018இல் டபிள்யூபிஏ3.

2022 ஜனவரியில் வந்த டபிள்யூபிஏ சப்ளிகன்ட் 2.10, டபிள்யூஇபியை இயல்பான கட்டமைப்பிலிருந்து நீக்கிவிட்டது. மூலையில் தூசி படிந்து ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரூட்டரில் இன்னும் அந்தப் பூட்டு இருந்தால், அப்கிரேடு அன்றைக்குத்தான் அது வெளிச்சத்துக்கு வரும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். அந்தத் தெரிவே இல்லாத ரூட்டர் என்றால், மாற்றவேண்டியது ரூட்டரை. இதற்கு எதிர்த்திசையில் ஒன்றும் நடக்கும். ரூட்டர் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் கலந்து அறிவிக்கும். புதிய இயங்குதளம் மேலான பூட்டை முயலும். பழைய சிப்பின் டிரைவர் அதைத் தாங்காது. அப்போது டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் மட்டும் என்று வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீளமான பாஸ்வேர்டோடு அது இன்றும் நல்ல பூட்டுதான்.

கல்லூரி மாணவர்களுக்காக ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்பு வந்தது. அதில் ஓபன்எஸ்எஸ்எல் 3.0 என்ற குறியாக்க நூலகம் இருந்தது. அப்கிரேடு செய்த பலருக்கு வீட்டில் எல்லாம் சரியாக வேலை செய்தது, வளாக வைஃபை மட்டும் வரவில்லை. உலகப் பல்கலைக்கழகங்களைப் பிணைக்கும் எடுரோம் வலைப்பின்னலிலும் இது நடந்தது. வளாக வைஃபையில் பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்புவதற்கு முன், லேப்டாப்புக்கும், பயனர்களைச் சரிபார்க்கும் கல்லூரியின் ரேடியஸ் சர்வருக்கும் இடையே டிஎல்எஸ் என்ற சுரங்கம் தோண்டப்படும். வங்கி இணையதளத்துக்குப் போகும்போது தோண்டப்படுகிறதே, அதே சுரங்கம். அந்தச் சுரங்கத்தை நடுவில் பேசித் திருத்தும் வசதியில் ஓர் ஓட்டை இருப்பது 2009இல் வெளிவந்தது. 2010 பிப்ரவரியில் அதை அடைக்கும் தரநிலையும் வந்துவிட்டது. ஆனாலும் பல சர்வர்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த அடைப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. பழைய ஓபன்எஸ்எஸ்எல் பொறுத்துக்கொண்டது. 3.0 பொறுக்கவில்லை. பதிவேட்டில் 'அன்சேஃப் லெகசி ரீனெகோஷியேஷன் டிசேபிள்டு' என்று எழுதிவிட்டு விலகிக்கொண்டது.

எல்லோரும் உபுண்டுவைத் திட்டினார்கள். என் கருத்து வேறு. உபுண்டு இங்கே உடைந்துபோகவில்லை. சர்வர் பன்னிரண்டு வருஷமாக அடைக்காத ஓட்டையை அது சுட்டிக்காட்டியது. இதைச் சரிசெய்யவேண்டியது சர்வரைப் பராமரிப்பவர். பதிவேட்டின் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள். 'வைஃபை வரலை சார்' என்று சொன்னால் அவருக்கும் ஒன்றும் புரியாது, ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார். அந்த வரியைக் காட்டினால் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்.

நாளைக்குத் தேர்வு, சர்வரைத் திருத்த ஒரு மாதம் ஆகும் என்றால்? தற்காலிகமாகப் பழைய விதியை அனுமதிக்கலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் குறுக்குவழிகள் பல, கணினியின் பொது அமைப்புக் கோப்பையே திருத்தச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் அந்த நூலகத்தை நம்பும் எல்லா மென்பொருளும் அதே ஓட்டையோடு ஓடும். ஒரு சன்னலைத் திறக்கப்போய் வீட்டின் எல்லாக் கதவையும் திறந்துபோடுகிற வேலை அது. வைஃபை மென்பொருளுக்கு மட்டும் தனி அமைப்புக் கோப்பு கொடுக்க முடியும். அதைச் செய்யுங்கள், சர்வர் திருந்தியதும் நீக்கிவிடுங்கள்.

2015இல் இதைவிடக் குழப்பமான ஒன்று நடந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், வளாக வைஃபைச் சுரங்கத்துக்கு டிஎல்எஸ் 1.2ஐப் பயன்படுத்தத் தொடங்கியது. சில ரேடியஸ் சர்வர் மென்பொருள்களும் டிஎல்எஸ் 1.2 பேசின. ஆனால் சுரங்கத்தின் முடிவில் இருபுறமும் கணக்கிட்டு எடுக்கவேண்டிய சாவியை, அவை பழைய பதிப்பின் சூத்திரத்தால் கணக்கிட்டன. விளைவைப் பாருங்கள். சர்வரின் பதிவேட்டில் 'அனுமதி வழங்கப்பட்டது' என்று இருக்கும். பயனருக்கோ இணைப்பு வராது. பொறுப்பாளர் சர்வரைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் எல்லாம் சரி என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நின்றுபோனது அதற்கு அடுத்த படியில், நான்கு கடிதங்களில். அங்கே இரண்டு பக்கமும் வேறு வேறு சாவியை வைத்துக்கொண்டு நின்றன. படி படியாகக் கேட்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு பக்கத்துப் பதிவேட்டை மட்டும் படித்தால் நேர்மையான மனிதரும் தவறாகவே சொல்வார்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது. வளாக வைஃபை இணையாதபோது நண்பர்கள் சொல்லும் முதல் யோசனை, சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிடு என்பது. உடனே இணைந்தும் விடும். எதை இழக்கிறோம் தெரியுமா? உங்கள் கல்லூரி வைஃபையின் பெயரையே வைத்து, பக்கத்துத் தேநீர்க் கடையில் யாராவது ஒரு பெட்டியை ஓடவிட்டால், உங்கள் கைப்பேசி அதை நம்பி, உங்கள் பயனர்பெயரையும் பாஸ்வேர்டின் தடயத்தையும் கொடுத்துவிடும். அங்கே பயன்படும் எம்எஸ்-சேப் பதிப்பு 2 என்ற முறையை ஒரே ஒரு பழைய டெஸ் சாவியின் அளவுக்குச் சுருக்கி உடைக்கலாம் என்று மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் 2012இலேயே செய்து காட்டினார்கள். பல கல்லூரிகளில் அதே பாஸ்வேர்டுதான் மின்னஞ்சலுக்கும் மதிப்பெண் பக்கத்துக்கும். ஆண்ட்ராய்டு 11இன் 2020 டிசம்பர் அப்டேட்டிலிருந்து, சரிபார்க்க வேண்டாம் என்ற தெரிவையே எடுக்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு நிறையப் பேர் கோபப்பட்டார்கள். நான் மகிழ்ந்தேன். கல்லூரி நிர்வாகங்கள் சான்றிதழையும் சர்வரின் பெயரையும் மாணவர்களுக்கு முறையாகக் கொடுத்திருந்தால் அந்தக் கோபத்துக்கே இடமிருந்திருக்காது.

சான்றிதழ் என்றதும் ஒரு சின்ன விஷயம். கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். இன்றைய சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை. இணையம் வந்தால்தான் கடிகாரம் திருந்தும், கடிகாரம் திருந்தினால்தான் வளாக வைஃபை வரும். கையால் தேதியை வைத்துவிட்டால் அடுத்த நிமிடம் இணைந்துவிடும்.

கைப்பேசிக்காரர்களுக்கு ஒன்று. நெட்வொர்க்கை 'மறந்துவிடு' என்று அழுத்திவிட்டு மறுபடி சேர்வது பல சமயம் பலன் தரும். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாகச் சேரும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் கைப்பேசி தன் உண்மையான மேக் முகவரிக்குப் பதில் ஒரு புனைமுகவரியைக் கொடுக்கிறது. ஐஃபோனில் ஐஓஎஸ் 14இலிருந்து அப்படி. உங்கள் ரூட்டரில் யாராவது மேக் முகவரிப் பட்டியல் போட்டு வைத்திருந்தால், மறந்து சேர்ந்த அந்த நொடியில் நீங்கள் அந்நியராகிவிடுவீர்கள். பட்டியலை எடுத்துவிடுங்கள், அல்லது அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் உண்மை முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்கிரேடுக்கு முன்னால் செய்யவேண்டியதும் உண்டு. வைஃபை சிப்பின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இணைப்பு போன பிறகு அந்தப் பெயரைத் தேடுவது கஷ்டம். கைப்பேசி டெதரிங் வேலை செய்கிறதா என்று முதல்நாளே சோதியுங்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். தேர்வு, நேர்காணல், வரித் தாக்கல் கடைசி நாள் இவற்றின் முந்தின இரவு அப்கிரேடு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் வயதானவர்கள் 'வைஃபை பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது' என்று வந்தால், 'சரியாப் போட்டீங்களா?' என்று தொடங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

லேப்டாப் கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வரலாம். அதோ அந்த மேசையில் இரண்டு யூஎஸ்பி கேபிள் வைத்திருக்கிறேன். நூலகம் மூட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.